80 டாலருக்கு ஆறு பாட்டு: ஹெர்ப்ஸ் குழுவின் 1981 இசைத்தட்டு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்றில், ஹெர்ப்ஸ் என்ற உள்ளூர் ரெகே இசைக் குழுவின் முதல் வெளியீடான ‘வாட்ஸ் பி ஹாப்பன்?’ இசைத்தட்டை 80 டாலர் கொடுத்து வாங்கினேன். அதில் இருப்பவை ஆறே பாட்டுகள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்டாலும் அரைமணி நேரத்தைத் தாண்டாது. ஒரு பாட்டுக்குப் பதின்மூன்று டாலருக்கு மேல் ஆகிறது என்று வீடு திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; போடாமலே இருந்திருக்கலாம். இதே பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்க முடிகிற காலத்தில் இந்தப் பணத்தைக் கொடுப்பது தகுமா என்ற கேள்விக்கு, மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கேட்டபின் எனக்குக் கிடைத்த விடையை இங்கே எழுதுகிறேன். தகும் என்பதே அந்த விடை. ஆனால் இசைத்தட்டு என்ற பொருளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரெகே இசை பிறந்த, ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனுக்கும் ஆக்லாந்துக்கும் இடையே 12,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது. இருந்தும், ஜமைக்காவுக்கு வெளியே இந்த இசை இவ்வளவு ஆழமாக வேர்விட்ட நாடுகள் அதிகம் இல்லை. 1979 ஏப்ரல் 16 அன்று ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் அரங்கில் பாடியதே இதற்கெல்லாம் தொடக்கம் என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். மார்லிக்கு இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முறைப்படி வரவேற்பு நடந்ததும், அந்த நிகழ்ச்சிக்குப் பின் தலைமுடியைச் சடையாக்கிக்கொண்ட இளைஞர்கள் பெருகியதும் உண்மைதான். ஆயினும் ஒரே இரவில் ஒரு நாட்டின் செவி மாறிவிடாது. நிலம் பறிபோன மாவோரி மக்களும், ஆலை வேலைக்காகச் சமோவாவிலிருந்தும் டோங்காவிலிருந்தும் அழைத்து வரப்பட்டுப் பின்னர் 1970களின் நடுவில் விடியற்காலையில் காவலர்கள் கதவைத் தட்டி விசாவைக் கேட்ட அவமானத்தைச் சுமந்த தீவு மக்களும், தங்கள் கதையைச் சொல்லும் இசை ஒன்றுக்காக ஏற்கெனவே காத்திருந்தார்கள். மார்லி வந்தபோது விதை விழ நிலம் உழுது கிடந்தது.

அந்த நிலத்தில் 1979இல் முளைத்ததுதான் ஹெர்ப்ஸ். சமோவா, டோங்கா, மாவோரி ஆகிய வழிகளில் வந்தவர்களும், பாகேஹா என்று இங்கே அழைக்கப்படும் ஐரோப்பிய வழிவந்த ஒருவரும் சேர்ந்த ஐவர் குழு இந்த இசைத்தட்டில் வாசித்திருக்கிறது. டோனி ஃபொனோட்டி முன்னின்று பாடுகிறார். டில்வொர்த் கராக்காவும் ஸ்பென்சர் ஃபுசிமலோஹியும் கிட்டார். ஃபிரெட் ஃபலேயாவுட்டோ டிரம்ஸ். ஃபில் டோம்ஸ் பேஸ். குழுவின் மேலாளராக இருந்த வில் இலோலாஹியா, தீவு மக்களின் உரிமைகளுக்காக 1971இல் தொடங்கிய பாலினேசியன் பாந்தர்ஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இதைக் கேட்டதும், இயக்கக் கூட்டத்தில் வாசிப்பதற்கென்று செய்த இசையோ இது என்று ஐயம் எழுவது இயல்பு. எனக்கும் எழுந்தது. முள்ளை வைத்த இரண்டாவது நிமிடத்தில் அது போய்விட்டது. இவர்கள் முதலில் இசைக்காரர்கள். சினம் அந்த இசைக்குள் இருக்கிறது, அதன்மேல் ஒட்டவைக்கப்படவில்லை.

இசைக்கு முன் உறையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் கொடுத்த 80 டாலரில் பாதியாவது அதற்குத்தான். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருங்கிய இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு மேட்டு நிலம் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்ததில்லை. பன்னிரண்டு அங்குல அட்டையை மடியில் வைத்துப் பார்க்கும்போதுதான், வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் வரிசையாகக் கோத்து நிற்பவை மனித உருவங்கள் என்பதும், அவர்கள் எதையோ சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்பதும் மெல்லப் புலப்படுகின்றன. அது பாஸ்டியன் பாயின்ட். மாவோரி மொழியில் தகாபராஃபாவ். ஆக்லாந்துத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் குன்றில் எஞ்சியிருந்த நிலத்தை உயர்ந்த விலைக்குப் போகும் வீட்டுமனைகளாக்க அரசு திட்டமிட்டபோது, அதன் உரிமையாளர்களான ங்காட்டி ஃபாட்டுவா ஒராக்கேய் மக்கள் ஜோ ஹாக்கின் தலைமையில் 1977 ஜனவரியில் அங்கே குடியேறி 506 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1978 மே 25 அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் குன்றைச் சூழ்ந்து 222 பேரைக் கைது செய்தார்கள், குடில்களும் இடிக்கப்பட்டன. உறையில் இருப்பது அந்த நாளின் படம்.

மூன்றே ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்றை, அதன் காயம் ஆறாதிருக்கும்போதே, ஒரு புதிய குழு தன் முதல் வெளியீட்டின் முகமாக வைத்தது எளிய முடிவன்று. வானொலி நிலையங்களின் தயவில் பிழைக்கவேண்டிய ஐந்து பேர், கடற்கரையையோ தென்னை மரத்தையோ போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், மாவோரி, நான் மதிய இடைவேளையில் காட்டிய இந்த உறையை வாங்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்; ஒரு மூலையில் விரலை வைத்து, “இந்தப் பக்கமாகத்தான் எங்கள் அத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்” என்றார். பிறகு அட்டையைத் துடைத்து, உறைக்குள் தட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம்.

இனி ஒலி. ரெகே தாளத்தின் சூட்சுமம், அடி விழவேண்டிய இடத்தைக் காலியாக விடுவதில் இருக்கிறது. தாளம் போட்டுப் பழகிய நம் கைக்கு இதைச் சொல்வதென்றால், கிட்டாரின் ஒவ்வொரு வெட்டும் அரை இடம் தள்ளி எடுத்த எடுப்பைப் போல விழுகிறது. டிரம்ஸோ நான்கில் முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாம் அடியில் வந்து இறங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது பேஸ் கிட்டாரின் வேலை. எனவே நல்ல ரெகே தட்டைச் சோதிக்க முதலில் பேஸைத்தான் கேட்கவேண்டும். ஃபில் டோம்ஸின் பேஸ் இங்கே உருண்டு திரண்டு வருகிறது. ஆனால் ஜமைக்காத் தட்டுகளில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் கனம் இதில் இல்லை. என் ஒலிபெருக்கியில் ஆழ்ந்த சுரங்களை இரண்டு படி கூட்டிவைத்தபிறகுதான் திருப்தியாயிற்று. கூட்டினால் கூடுகிறது என்பதே ஒரு நல்ல அறிகுறிதான். பதிவில் இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டுவராது.

ஆக்லாந்தின் முத்திரையை நான் கேட்பது கிட்டாரில். மாவோரி வீடுகளில் விருந்து முடிந்ததும் யாராவது ஒருவர் கிட்டாரை எடுத்து ‘ஜிங்கா ஜிக்’ என்று வாசிக்கத் தொடங்குவார். அந்த ஒலியே அந்த வாசிப்பு முறைக்குப் பெயராகிவிட்டது: கீழ்நோக்கி ஒரு வீச்சு, உடனே கையால் கம்பியை அடக்கி ஒரு வெட்டு. அந்த ‘ஜிக்’ விழும் இடமும் ரெகே கிட்டாரின் வெட்டு விழும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரெகே இந்நாட்டில் அந்நியமாக ஒலிக்காததற்கு அரசியல் காரணங்களை எழுதியவர்கள் பலர். எனக்கென்னவோ இந்த மணிக்கட்டுப் பழக்கமும் அதே அளவு பெரிய காரணமாகப்படுகிறது. புதிதாகக் கற்கவேண்டியதாக இருந்தது குறைவு. ஏற்கெனவே கையில் இருந்த அசைவை இரண்டு மடங்கு மெதுவாக்கினால் போதும்.

குரல்களிலும் இதே கதை. தீவுகளின் தேவாலயங்களில் குழந்தைப் பருவத்திலிருந்தே பல குரல் சேர்ந்து பாடிப் பழகியவர்களின் ஒத்திசைவு, பின்னணிக் குரல்கள் எழும் இடங்களில் எல்லாம் தெரிகிறது. ஜமைக்காவின் மூவர் குழுக்களிடம் கேட்கும் கூர்மை இதில் இல்லை. இது அகலமானது, கொஞ்சம் சோம்பலானது, ஞாயிற்றுக்கிழமைத் தன்மை உடையது. சில இடங்களில் சொல்லின் கசப்பும் குரலின் இனிமையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கணங்கள் அவைதாம்.

‘அசானியா’ என்ற பாட்டு இந்தத் தட்டின் உச்சி. அசானியா என்பது நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு விடுதலை இயக்கத்தினர் சிலர் சூட்டிய பெயர். இத்தட்டு வெளிவந்த 1981இல்தான் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்கு வந்தது. ஜூலை 25 அன்று ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் வேலியை உடைத்து மைதானத்துக்குள் புகுந்ததால் ஆட்டம் கைவிடப்பட்டது. செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்து ஈடன் பார்க்கில் நடந்த கடைசி ஆட்டத்தின்போது சிறு விமானம் ஒன்று வானத்திலிருந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. ஒரே குடும்பத்துக்குள் தந்தையும் மகளும் பேசாமல் போன காலம் அது என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் வெளிவந்த பாட்டு முழக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்து முள்ளை வைத்தால், அது அவசரமே இல்லாமல், நடந்தே போகிறவனின் நிதானத்தில் நகர்கிறது. விடிவு வந்தே தீரும் என்று நம்புகிறவனுக்கு ஓடவேண்டிய தேவை இல்லை போலும்.

அதே ஆண்டு மே 11 அன்று மார்லி இறந்துவிட்டார். அவருக்கு அஞ்சலியாக அமைந்த ‘ரெகேஸ் டூயிங் ஃபைன்’ பாட்டில் ஒப்பாரி இல்லை. குருநாதர் போனாலும் கடை மூடவில்லை, தெற்குப் பசிபிக்கில் அது திறந்தேதான் இருக்கிறது என்று அறிவிக்கும் பாட்டு அது. தலைப்புப் பாட்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு மனம். ‘வாட்ஸ் பி ஹாப்பன்’ என்பது பள்ளிக்கூட ஆங்கிலமும் அல்ல, ஜமைக்காவின் பேச்சும் அல்ல; வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இரண்டு புலம்பெயர்ந்தவர்களுக்கிடையே கேட்கக்கூடிய உடைந்த ஆங்கிலம்போல ஒலிக்கிறது. தலைப்பாக அது அருமை. ஆனால் பாட்டின் நடுவே உச்சரிப்பு திடீரென்று கிங்ஸ்டனுக்குத் தாவும் இடங்களில், நண்பர் ஒருவர் இரவல் சட்டை போட்டுக்கொண்டு திருமணத்துக்கு வந்ததைப்போல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சட்டையை இவர்கள் விரைவில் கழற்றிவிட்டார்கள் என்பதால் இதைப் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு மெலிந்தது, டிரம்ஸின் உலோகத் தட்டுகள் சில இடங்களில் காகிதம் கசங்குவதுபோல் கேட்கின்றன. பாட்டுகளின் வரிசையை யோசித்து அமைத்திருக்கலாம். மிதமான வேகத்தில் உள்ளவை அடுத்தடுத்து வரும்போது கவனம் நழுவுகிறது. எதிரொலியையும் வெட்டையும் கொண்டு பாட்டைக் குலைத்து மறுபடி கட்டும் ‘டப்’ முறையை விரும்பித் தேடி வருகிறவர் ஏமாறுவார்; இது பாட்டுகளின் தொகுப்பு, ஒலிக்கூட விளையாட்டின் தொகுப்பு அன்று. மேலும், எனக்குக் கிடைத்த பிரதியின் நிலை. கடைக்காரர் ஒட்டியிருந்த சீட்டில் ‘மிக நன்று’ என்று இருந்தது. கடையின் மங்கலான விளக்கில் நானும் அப்படித்தான் நம்பினேன். வீட்டு மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தபோது இரண்டாம் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் தெரிந்தது. அந்த இடத்தில் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று அடிக்கிறது. அந்த ‘டக்’ சரியாக விட்டுவிடப்பட்ட முதல் அடியில் போய் விழுகிறது என்பதை என்னவென்று சொல்வது! ரெகே காலியாக வைத்த இடத்தை என் தட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, கேட்டுப் பார்த்து வாங்கியிருக்கவேண்டும் என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. கேட்டுப் பார்க்கும் வசதி அந்தக் கடையில் இல்லை.

இதே குழுவின் பிற வெளியீடுகளோடு ஒப்பிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி வரும். பிரான்ஸ் அரசு முருரோவா பவளத்தீவில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து 1982இல் வெளிவந்த ‘ஃபிரெஞ்ச் லெட்டர்’ இன்னும் செவிக்கு இனியது, மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும். (அந்தத் தலைப்புக்கு ஆங்கிலப் பேச்சு வழக்கில் வேறொரு பொருளும் உண்டு, வீட்டில் பிள்ளைகள் கேட்டால் நான் பொறுப்பல்ல.) 1987இன் ‘சென்சிட்டிவ் டு எ ஸ்மைல்’ ஒலிப்பதிவில் பல படி மேலானது. டேவ் டாபினோடு சேர்ந்து 1986இல் பாடிய ‘ஸ்லைஸ் ஆஃப் ஹெவன்’ நாட்டில் தெரியாதவர் இல்லாத பாட்டு. ரெகே என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விருந்துக்கு ஓடவிட ஒரு தட்டு வேண்டும் என்பவர் இவற்றில் ஒன்றை வாங்கலாம். இந்த இசை இந்நாட்டில் எப்படிப் பேசத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு 1981இன் தட்டுக்கு மாற்று இல்லை.

விருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்றைய நியூசிலாந்து ரெகேயில் பெரும்பகுதியைக் கிண்டலாக ‘பார்பிக்யூ ரெகே’ என்று அழைப்பது இங்கே வழக்கம். வெயிலில் இறைச்சி சுட்டுக்கொண்டு, கையில் குளிர்ந்த பீருடன் தலையாட்டுவதற்கு ஏற்ற இசை என்று பொருள். இந்தக் கிண்டலில் பாதி நியாயம் இருக்கிறது. ஹாமில்டனில் மார்லியின் பாட்டுகளை வாசித்துத் தொடங்கிய காட்சாஃபயர் போன்ற குழுக்களின் இசைத் தேர்ச்சி, ஹெர்ப்ஸின் முதல் தட்டைவிட மிக உயர்ந்தது. வெலிங்டனின் ஃபேட் ஃபிரெடிஸ் டிராப் 2005இல் வெளியிட்ட முதல் ஒலிக்கூடத் தொகுப்பு, பெரிய நிறுவனம் எதன் துணையுமின்றி நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் பேஸ் ஒலிக்கு முன் நான் மேலே புகழ்ந்த பேஸ் சின்னப் பிள்ளை. ஆனால் இவர்களுக்குப் பின்னால் வந்த பலரின் பாட்டுகளில் கடற்கரையும் காதலும் கோடைக்காலமும் மாறி மாறி வருகின்றனவே தவிர, எந்தக் கடற்கரை, யாருடைய கடற்கரை என்ற கேள்வி வருவதில்லை. மறுபக்கம், 1981 போராட்டத்துக்காகச் சிறை சென்ற பாந்தர்ஸ் இயக்கத்தவரான டிகிலாவ் நெஸ் போன்றவர்கள் அந்தக் கேள்வியை விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் அது அநியாயம்.

மார்லி பிறந்த பிப்ரவரி 6ஆம் நாள், 1840இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளாகவும் அமைந்துவிட்டது. ஆண்டுதோறும் அந்த விடுமுறையில் பூங்காக்களில் ரெகே ஒலிக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டதைப் பற்றிய பேச்சும் மார்லியின் பிறந்தநாள் கொண்டாட்டமும் ஒரே புல்வெளியில் நடக்கும் காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது. அங்கே ஒலிபெருக்கியில் ஹெர்ப்ஸ் வரும்போது மட்டும், நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரியவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். இளையவர்களுக்கும் சொற்கள் தெரிந்திருக்கின்றன.

வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாட்டு மட்டும் போதும் என்றால் இணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கீறல் தொல்லை இல்லை. உறைக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால், ஓரம் கிழிந்த, தட்டின் வட்டம் அட்டையில் தேய்ந்து பதிந்த பிரதிகளைத் தவிர்க்கவும். அந்த வட்டம் படத்தில் நிற்கும் மனிதர்களைத்தான் முதலில் அழிக்கிறது. தட்டைக் கையில் வாங்கியதும் ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒலிபெருக்கி சிறியதாக இருந்தால் சுவரை ஒட்டி வையுங்கள். பேஸ் கொஞ்சம் எழும். என் பிரதியின் உறை இப்போது அலமாரியில் முகம் தெரியும்படி நிற்கிறது. தட்டை ஒரு வெள்ளைக் காகித உறையில் தனியாக வைத்திருக்கிறேன். கீறல் விழாத பிரதி ஒன்று கண்ணில் பட்டால் சொல்வதாக அந்த மூத்தவர் வாக்களித்திருக்கிறார். அவரிடம் இருப்பதை மட்டும் கேட்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.